டார்க் மேட்டர்: இத்தனை வருசமா தேடியும் கிட்டாத ஒண்ணுக்கு எதுக்கு இத்தனை பேரு?

#1 வேளிமலை
எல்லாருக்கும் வணக்கம். தக்கலை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஒரு வானியல் கிளப் உண்டு. போன வாரம் டார்க் மேட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டுற கரும்பொருள் பற்றிப் பேச்சு வந்தது. அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில், மூடிப்போன தங்கச் சுரங்கத்துக்குள்ள ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் 10 டன் திரவ செனானை (காத்துல கொஞ்சமே கொஞ்சம் இருக்கிற ஒரு மந்த வாயு) வச்சு, டார்க் மேட்டர் துகள் வந்து இடிக்குமான்னு காத்துக்கிட்டு இருக்காங்க, லக்ஸ்-ஸெப்ளின் என்று பேர், சுமார் 250 பேர் வேலை பாக்காங்க, இன்னும் ஒண்ணும் சிக்கல என்று சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் எழுந்து கேட்டான்: "சார், ஒருத்தன் பொய் சொன்னா மத்தவன் கண்டுபிடிப்பான். 250 பேரும் ஒண்ணா சேர்ந்து சொன்னா யாரு கண்டுபிடிப்பா?"

அடுத்த கூட்டத்துக்கு இதையே தலைப்பா வச்சிருக்கேன். இந்தத் துறையில் இருக்கிறவங்க, இல்லாதவங்க, யாரா இருந்தாலும் சொல்லுங்க. கரும்பொருள் என்றால் என்ன என்ற பாடம் என்னிடம் உண்டு. இத்தனை பேர் சேர்ந்து எப்படி வேலை பாக்காங்க என்பதுதான் எனக்கு வேணும்.

#2 முந்திரித்தோப்பு
பையன் கேட்டது நூத்துக்கு நூறு சரி. கிட்டாத சாமானைத் தேடுறதுக்குச் சம்பளம் கிட்டும்னா நானும் நாளைக்கே சுரங்கத்துல இறங்கத் தயார். இங்க மார்த்தாண்டத்துல ரோட்டுல பள்ளத்தைத் தேட ஆளில்ல.

#3 குழித்துறைக்காரன்
தோப்பு அண்ணாச்சி, ரோட்டுப் பள்ளத்தைத் தேட ஆள் எதுக்கு, வண்டியில போனா தானா கிட்டும்.

வேளிமலை சார், அந்தப் பையனுக்கு என் சார்பில ஒரு முட்டாய் வாங்கிக் கொடுங்க. நான் இப்போ இங்கிலாந்துல, செனான் வச்சுத் தேடுற ஒரு கூட்டத்துல வேலை பாக்கேன். பட்டியல்ல கடைசிப் பக்கத்துல கிடக்கிற ஒரு பேரு, அவ்வளவுதான்.

முதல்ல ஒரு விசயம். "இல்லாத ஒண்ணைத் தேடுறாங்க" என்பது சரியில்ல. 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா என்ற விண்மீன் மண்டலக் கூட்டத்தைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியுற பொருளோட ஈர்ப்பு மட்டும் இருந்தா அது சிதறிப் போயிருக்கணும், அவ்வளவு வேகத்துல உள்ள இருக்கிற மண்டலங்கள் ஓடுது. 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாவை அளந்தாங்க. ஓரத்துல இருக்கிற வாயு மேகங்கள் வேகம் குறையாமச் சுத்துது. பிறகு ஈர்ப்பு வில்லை (கனமான பொருள் தன் ஈர்ப்பால ஒளியை வளைக்கிறது), பிரபஞ்சப் பின்புலக் கதிர்வீச்சு (பிரபஞ்சத்தோட ஆரம்ப காலத்து ஒளி) என்று ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத பல வழியில பார்த்தும் கணக்கு ஒரே இடத்துல வந்து நிக்குது: நாம தொட்டுப் பார்க்கிற பொருளைப் போல அஞ்சு மடங்குக்கும் மேல வேற ஏதோ இருக்கு. அது இருக்கா என்பதில் ரொம்பப் பேருக்குச் சந்தேகம் இல்ல. அது என்ன சாமான் என்பதுதான் கேள்வி.

எங்க வேலை எப்படின்னா: மைனஸ் நூறு டிகிரிக்குப் பக்கத்துல செனான் திரவமா நிக்கும். உள்ள ஏதாவது ஒரு துகள் வந்து அணுவை இடிச்சா ஒரு சின்ன வெளிச்சம் வரும். கூடவே கொஞ்சம் எலக்ட்ரான் கழண்டு வரும். அதை மின்புலம் வச்சு மேல இழுத்தா, மேல இருக்கிற வாயுவுல ரெண்டாவது வெளிச்சம். ரெண்டுக்கும் உள்ள இடைவெளியை வச்சு எந்த ஆழத்துல இடிச்சதுன்னு தெரியும். ரெண்டு வெளிச்சத்தோட விகிதத்தை வச்சு, இடிபட்டது அணுக்கருவா, சுத்தியிருக்கிற எலக்ட்ரானான்னு பிரிச்சிரலாம். லக்ஸ்-ஸெப்ளினில் இதைப் பார்க்க 494 ஒளிக்குழாய் உண்டு.

இதெல்லாம் சுகமான பகுதி. கஷ்டம் எங்கன்னா, இடிக்கிறதுல எல்லாமே கள்ளத் துகளா இருக்கும். சுவரு, ஆணி, தூசி, காத்து, எல்லாத்துலயும் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. பத்து வருச வேலையில ஒன்பது வருசம் அதை விரட்டுறதுதான்.

#4 மணல்வாரி
நான் மணவாளக்குறிச்சிக்காரன். மணல் ஆலையில ஆய்வகத்துல இருந்து ரிட்டயர் ஆனவன். தூசியில கதிரியக்கம்னு சொன்னதும் எழுதணும்னு தோணிச்சு.

நம்ம கடற்கரையில கருப்பா, செவப்பா வரி வரியா கிடக்கே, அதுல இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கு. ஆலையில அதைப் பிரிக்கிறது காந்தத்தாலயும் மின்னேத்தத்தாலயும் ஆக்கும். இல்மனைட்டை காந்தம் லேசா இழுத்துரும். சிர்க்கான் அசையாது. மோனசைட் ரெண்டுக்கும் நடுவுல, வலுவான காந்தம் வச்சாதான் வரும். தேன் நிறத்துல மஞ்சளா மின்னும். தோரியம் அதுலதான். 1909இல் ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்ல இருந்து போன கயித்துல ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்து மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சு இங்க வந்து சேர்ந்தாரு. கேஸ் விளக்கு மேன்டிலுக்கு அப்போ தோரியம் வேணும்.

என் கேள்வி: உங்க சுரங்கத்துல தோரியத்தை எந்த அளவுக்குக் குறைக்கணும்? நாங்க மண்ணுல சதவீதத்துல அளந்தோம்.

#5 குழித்துறைக்காரன்
ஐயா, நீங்க சதவீதம்னு சொன்னதும் எனக்கு வேர்த்துப் போச்சு. எங்க பக்கம் நூறு கோடியில ஒரு பங்குன்னாலே அது அழுக்குச் சாமான். அதுக்கும் கீழ, இன்னும் பல மடங்கு கீழ போவணும்.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. லக்ஸ்-ஸெப்ளினில் செனான் நிக்கிற பாத்திரம் டைட்டானியத்தால ஆனது. டைட்டானியத்துக்குத் தாது எது? உங்க இல்மனைட்டும் ரூட்டைலும்தான். ஒரே கைப்பிடி மண்ணுல எங்களுக்கு வேண்டியதும் இருக்கு, வேண்டாததும் இருக்கு. உலகத்துல பல ஆலைகள்ல இருந்து துண்டு துண்டா வாங்கி, ஜெர்மானியம் கவுன்டருக்குள்ள (கதிரியக்கத்தை எண்ணுற கருவி) வாரக் கணக்குல போட்டு வச்சு அளந்து, எந்த வார்ப்புல யுரேனியமும் தோரியமும் ஆகக் குறைவோ அதைத் தேர்ந்தெடுத்தாங்க. ஒரு திருகாணிக்குக்கூட இந்த மரியாதை உண்டு. ஓரிடத்துல எல்லாத்தையும் அளக்க முடியாது. இங்கிலாந்துல பவுல்பி சுரங்கத்துல கொஞ்சம், அமெரிக்காவுல கொஞ்சம் என்று பிரிச்சுத்தான் அளக்காங்க. கூட்டு வேலைன்னா பாதிக்கு மேல இந்த மாதிரி வேலைதான். ஒருத்தன் கேபிளை அளக்கான், ஒருத்தி பசையை அளக்கா.

வெளிக் கதிரை மறைக்கச் சுவரா வைக்கிற ஈயமும் அப்படி. புதுசா உருக்கின ஈயத்துல ஈயம்-210 கிடக்கும், அது பாதியாக 22 வருசம் ஆகும். அதனால இத்தாலியில கிரான் சாஸ்ஸோ ஆய்வகத்துல, வேற ஒரு அரிய கதிரியக்கச் சிதைவைத் தேடுற குவோரே என்ற பரிசோதனைக்கு, சார்டினியா கடல்ல ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால மூழ்கின ரோமானியக் கப்பல்ல இருந்த ஈயத்தைப் பயன்படுத்தினாங்க. தொல்லியல்காரங்கள்ல சிலருக்கு அதுல வருத்தம் உண்டு.

எங்களை ஆகப் பெரிசா வாட்டுறது ரேடான். யுரேனியத்துல இருந்து வரும் வாயு, எங்க வேணும்னாலும் ஒழுகி உள்ள போயிரும். இன்னொண்ணு, உங்க தோரியத்துல இருந்து வர்ற ரேடான்-220 இருக்கே, அதை நாங்க வேணும்னே உள்ள விடுவோம்! அதோட அரை ஆயுள் ஒரு நிமிசத்துக்கும் குறைவு. அதோட பிள்ளைகளும் (அது சிதைஞ்சு வர்ற அணுக்கள்) சில நாள்ல அடங்கிரும். கருவி எப்படிப் பதில் சொல்லுதுன்னு சரிபார்க்க அது நல்ல சாமான். சரிபார்த்த பிறகு தானே போயிரும்.

#6 மணல்வாரி
தோரான்னு நாங்க சொல்லுவோம். அதுக்கு இப்படி ஒரு உபயோகம் உண்டும்னு இப்பதான் கேக்கேன்.

#7 கொச்சுநியூட்டன்
எல்லாரும் துகளைத் தேடிக்கிட்டே இருங்க. ஈர்ப்பு விதியே தூரத்துல மாறுதுன்னா? 1983லயே மில்க்ரோம்னு ஒரு இயற்பியலாளர் சொன்னாரு. அவர் சூத்திரத்தைப் போட்டா விண்மீன் மண்டலச் சுழற்சி அழகா வருது, கரும்பொருள் ஒண்ணும் வேண்டாம். 250 பேருக்கும் வேலை போயிரும்ங்கதுனால யாரும் பேச மாட்டாங்க.

#8 ஆரல்காற்று
தம்பி, நான் கல்லூரியில இயற்பியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். மில்க்ரோம் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது தவறு. நாற்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தனி விண்மீன் மண்டலங்களில் அவர் சூத்திரம் வியப்பாக வேலை செய்கிறது. அதை மறுப்பவன் நேர்மையில்லாதவன். மண்டலக் கூட்டங்களுக்கு வந்தால் அதற்கும் கூடுதல் பொருள் தேவைப்படுகிறது. 2006இல் வெளியான புல்லட் கூட்டத்தின் ஆய்வைப் பார். இரண்டு கூட்டங்கள் மோதி ஊடுருவியிருக்கின்றன. வாயு நடுவில் சிக்கி எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது. எடை எங்கே இருக்கிறது என்று ஈர்ப்பு வில்லையால் அளந்தால் வாயுவை விட்டு விலகி இரு பக்கமும் நிற்கிறது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு வாயுதான். அது இருக்கும் இடத்தில் ஈர்ப்பு மையம் இல்லை என்றால், விதியை மட்டும் மாற்றி அதைச் சமாளிப்பது கடினம்.

வேலை போய்விடும் என்பதற்காக வாய் மூடுகிறார்கள் என்ற வாதம் எனக்கு எப்போதும் அலுப்பு. ஐன்ஸ்டைனின் விதியைத் திருத்தி எழுதுகிறவனுக்கு வேலை போகாது தம்பி, நோபல் கிடைக்கும்.

#9 வேளிமலை
நல்லா போகுது. ஆனா பையன் கேள்விக்கு இன்னும் பதில் வரல. குழித்துறைத் தம்பி, 250 பேர் ஒரே தரவைப் பாக்காங்க. எல்லாருக்கும் ஏதாவது கிடைக்கணும்னு ஆசை இருக்கும். அந்த ஆசையை எங்க பிடிச்சு வைக்கீங்க?

#10 குழித்துறைக்காரன்
ஆசைதான் சார் பெரிய கள்ளன். அதுக்கு எங்க ஆளுங்க உப்பு போடுவாங்க.

நிஜமாவே அதுக்கு உப்பு போடுறதுன்னுதான் பேரு. தரவு பதிவாகும்போதே டார்க் மேட்டர் இடிச்ச மாதிரி சில போலி நிகழ்வுகளை நைசா உள்ள கலந்து விட்டுருவாங்க. எது போலின்னு அலசுறவங்களுக்குத் தெரியாது. நான் திரையில ஒரு அருமையான புள்ளியைப் பார்த்தா, "ஆஹா"ன்னு துள்ளவும் முடியாது, "இது சத்தம், தள்ளு"ன்னு தூக்கிப் போடவும் முடியாது. எந்த நிகழ்வை வைக்கணும், எதைத் தள்ளணும்ங்கற விதி எல்லாம் முடிவாகி, இனி மாத்த மாட்டோம்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட பிறகுதான் உப்பை எடுப்பாங்க. 2024 ஆகஸ்டுல லக்ஸ்-ஸெப்ளின் 280 நாள் தரவை வெளியிட்டது அப்படித்தான். உப்பை எடுத்தாச்சு, மிச்சம் இருந்தது, கள்ளத் துகளால வரும்னு எதிர்பார்த்த பின்னணி எண்ணிக்கையோட ஒத்துப் போச்சு. அதிகமா ஒண்ணும் இல்ல.

வாரக் கூட்டத்தைப் பத்திச் சொல்லணும்னா, ஒருத்தர் ஒரு படத்தைக் காட்டினதும் முதல் கேள்வி "இந்தக் கோட்டை ஏன் இங்க போட்டே?" என்பதாத்தான் இருக்கும். பாராட்டு எல்லாம் பிறகு, நேரம் மிச்சம் இருந்தா. ஊருல இருந்து புதுசா வந்த பிள்ளைகளுக்கு முதல்ல இது வலிக்கும். நம்ம கல்லூரிகள்ல செமினார்ல கேள்வி கேட்டா சண்டைக்கு வர்றதா நினைப்போம் இல்லையா.

#11 தூத்தூர்போட்டு
எங்க ஊர்ல ஆழ்கடல் போட்டுக நாலஞ்சு சேர்ந்து போகும். நடுக்கடல்ல ஒருத்தனுக்குச் சூரை கிட்டினா வயர்லெஸ்ல சொல்லுவான், ஆனா சொந்தக் கூட்டத்துக்கு மட்டும், அடுத்தவன் கேட்டாலும் புரியாத மாதிரி. உங்க விஞ்ஞானிகளும் அப்படித்தானே? அமெரிக்காக் கூட்டம், இத்தாலிக் கூட்டம், சீனாக் கூட்டம்னு தனித்தனியாத்தானே இருக்கு?

#12 குழித்துறைக்காரன்
கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணே. ஒரு வித்தியாசம். மீன் கிட்டாத இடத்தை நீங்க வயர்லெஸ்ல சொல்ல மாட்டீங்க. எங்களுக்கு அதுதான் பொழைப்பு. "இந்த எடையில, இந்த அளவு பலத்தோட இடிக்கிற துகள் இல்ல"ன்னு வரைபடம் போட்டு உலகத்துக்கே சொல்லணும். 1987இல், இப்போ லக்ஸ்-ஸெப்ளின் இருக்கிற இதே ஹோம்ஸ்டேக் சுரங்கத்துல ஒரு கிலோகூட வராத ஜெர்மானியத்தை வச்சு முதல் தேடல் முடிவு வந்திச்சு. இப்போ அதே சுரங்கத்துல 10 டன். நடுவுல வந்த ஒவ்வொரு "இல்லை"யும் அடுத்தவன் எங்க வலை போடணும்னு காட்டினதுதான்.

#13 முந்திரித்தோப்பு
மீன் இல்லன்னு சொல்லி சம்பளம் வாங்கற ஒரே மீன்காரன் நீங்கதான் தம்பி. ஆனா உப்பு போடுற கதை எனக்குப் பிடிச்சிருக்கு.

#14 ஆரல்காற்று
வேளிமலை அவர்களே, பையனின் கேள்விக்கு உண்மையான சோதனை இரண்டு சம்பவங்களில் இருக்கிறது. இரண்டையும் கிளப்பில் சொல்லுங்கள்.

முதலாவது டாமா. கிரான் சாஸ்ஸோவில் சோடியம் அயோடைடு படிகங்களை வைத்து ஓர் இத்தாலியக் குழு 1990களின் பிற்பகுதியிலிருந்தே ஒரு விஷயம் சொல்லி வந்தது. சூரியன் நம்மையெல்லாம் இழுத்துக்கொண்டு விண்மீன் மண்டலத்தைச் சுற்றி நொடிக்கு 220 கிலோமீட்டர் அளவில் போகிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர். ஜூன் தொடக்கத்தில் இரண்டும் ஓரளவு ஒரே திசையில் கூடும், டிசம்பரில் கழியும். ஆகவே கரும்பொருள் எதிர்க்காற்றுப் போல இருந்தால் ஜூனில் எண்ணிக்கை கூடி டிசம்பரில் குறைய வேண்டும். டாமா அப்படியே கண்டது, ஆண்டுதோறும், புள்ளியியல் ரீதியாக மிக உறுதியாக. மற்றவர்களின் செனான், ஜெர்மானியக் கருவிகளில் அதற்கு அடையாளமே இல்லை. "உங்கள் பொருள் வேறு, எங்கள் பொருள் வேறு" என்று டாமா குழு சொன்னது. அந்தப் பதிலை எளிதில் தள்ள முடியாது.

பிறகு என்ன செய்தார்கள்? ஸ்பெயினில் கான்ஃபிராங்கில் அனாய்ஸ், தென் கொரியாவில் யாங்யாங்கில் கோசைன் என்று இரண்டு குழுக்கள் அதே சோடியம் அயோடைடை வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்தன. ஏற்ற இறக்கம் தெரியவில்லை. இரு குழுவும் பின்னர் தரவைச் சேர்த்தும் பார்த்தன. ஆஸ்திரேலியாவில் ஸ்டாவல் தங்கச் சுரங்கத்தில் சேபர் என்ற பரிசோதனை அமைப்பதற்கும் காரணம் இதுதான்: தெற்கே பருவம் தலைகீழ். ஜூன் மாத உயர்வு வெப்பநிலையால் வந்ததென்றால் அங்கே மாறும், விண்மீன் மண்டலத்தால் வந்ததென்றால் மாறாது. நமக்கு இடவப்பாதி மழை கொட்டும் ஜூன், அவர்களுக்குக் குளிர்காலம்.

இரண்டாவது, 2020இல் செனான்1டி, அதே கிரான் சாஸ்ஸோவில் திரவ செனானை வைத்துத் தேடிய கருவி. குறைந்த ஆற்றல் பகுதியில் 232 நிகழ்வுகள் எதிர்பார்த்த இடத்தில் 285 வந்தன. அறிவிக்கும்போதே மூன்று வாய்ப்புகளையும் வைத்தார்கள்: சூரிய ஆக்சியான் (சூரியனில் உண்டாகலாம் என்று கருதப்படும், இன்னும் யாரும் காணாத மிக இலகுவான துகள்), நியூட்ரினோவுக்கு எதிர்பாராத காந்தப் பண்பு, அல்லது டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) என்ற சாதாரண அழுக்கு. டிரிட்டியம் என்றால் எவ்வளவு? ஒரு கிலோ செனானில் மூன்று அணுகூட வேண்டாம். அதை நேரில் அளக்க அப்போது அவர்களிடம் வழியில்லை. கோட்பாட்டாளர்கள் நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதித் தள்ளினார்கள். 2022இல் அதே குழு, பின்னணி ஐந்தில் ஒன்றாகக் குறைந்த செனான்-என்டி என்ற புதிய கருவியில் பார்த்தது. உயர்வு இல்லை. தங்கள் அறிவிப்பைத் தாங்களே முடித்துவைத்தார்கள்.

எனக்கு இந்த இரண்டாவது சம்பவத்தின் மேல் அதிக மதிப்பு. டாமாவைச் சரிபார்க்க வேறு நாட்டில் வேறு ஆட்கள் ஆண்டுகளைச் செலவிட வேண்டியிருந்தது. இவர்கள் தங்கள் காலுக்குக் கீழேயே தோண்டிப் பார்த்தார்கள்.

#15 பேச்சிப்பாறை
ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுக்காக எழுதுறேன். நான் டார்க் மேட்டர் இல்ல, ஒரு மோதுகருவிக் கூட்டுப் பரிசோதனையில பிஎச்டி பண்ணிட்டு இப்போ நாகர்கோவில்ல மென்பொருள் வேலை. கூட்டு ஆராய்ச்சியை எல்லாரும் புகழுறீங்க. பட்டியலைப் பத்தியும் சொல்லுங்க.

2015இல் செர்ன் மோதுகருவியில இருக்கிற அட்லஸ், சிஎம்எஸ் ரெண்டு கூட்டமும் சேர்ந்து ஹிக்ஸ் துகளோட எடையைப் பத்தி வெளியிட்ட கட்டுரையில 5154 பேர் ஆசிரியர்கள். 33 பக்கத்துல விசயம் 9 பக்கம், மிச்சம் எல்லாம் பேர். அகர வரிசை. நான் ஆறு மாசம் உக்கார்ந்து ஒரு கருவிப் பகுதியோட திருத்தக் கணக்கைப் போட்டேன், இன்னொருத்தர் கையெழுத்து மட்டும் போட்டார், ரெண்டு பேரும் அதே எழுத்துருவுல அதே பட்டியல்ல. ஊருக்கு வந்து வேலைக்கு நேர்காணல் போனா, "இந்தக் கட்டுரையில உங்க பங்கு என்னம்மா?"ன்னு கேக்காங்க. ஒரு பெரியவர் "முதல் ஆசிரியரா எத்தனை?"ன்னு கேட்டார். எங்க துறையில முதல் ஆசிரியர்னா பேரு ஏ-யில தொடங்குறவர்.

இதுல நமக்கு இன்னொரு கூத்து. நம்ம கிட்ட குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலை விரிச்சு அப்பா பேரைக் கடைசிப் பேரா போட்டாங்க. பட்டியல்ல என்னைத் தேடினா எங்கப்பாதான் கிடைப்பார். அவர் ரப்பர் பால்வெட்டு. ரொம்பப் பெருமை அவருக்கு, அது வேற.

கூட்டு வேலைக்கு எதிரி இல்ல நான். ஆனா உள்ள யார் என்ன செஞ்சாங்கன்னு வெளிய தெரியாத அமைப்பு சின்னப் பிள்ளைகளுக்கு நல்லதில்ல.

#16 குழித்துறைக்காரன்
அக்கா சொல்லுறது முழுக்க உண்மை. எங்க கூட்டம் 250 பேர்தான், ஆளுக்கு ஆள் தெரியும்ங்கதுனால பரிந்துரைக் கடிதத்துல வேலையை விவரமா எழுதுவாங்க. அதுவே பிரச்சினைதான். கடிதம் எழுதுற பெரியவருக்கு நம்மைப் பிடிக்கணும். கருவிப் பகுதியைப் பத்தின தனிக் கட்டுரைகள்ல சின்னப் பட்டியல் வரும், அதுல ஓரளவு நியாயம் கிடைக்கும். ஆயிரக்கணக்குல போகும்போது என்ன செய்யலாம்னு எனக்கு நல்ல யோசனை இல்ல.

#17 முந்திரித்தோப்பு
இங்கயும் பண்ணலாம்லா? தேனியில நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015லயே ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, 1500 கோடி அளவுல திட்டம். பொட்டிப்புரத்துல மலையைக் குடைய விடல. 2022இல் மாநில அரசே உச்ச நீதிமன்றத்துல வேண்டாம்னு சொல்லிட்டு. டார்க் மேட்டர் தேடலையும் அங்க வைக்கிறதா இருந்ததுன்னு வாசிச்சேன். நாம வேண்டாம்னு சொல்லிட்டு, வெளிநாட்டுக்காரன் செய்யதைப் பார்த்துக் கை தட்டணுமா?

#18 மணல்வாரி
மலையைக் குடையுறதும் கடற்கரையைத் தோண்டுறதும் அங்கங்க குடியிருக்கிறவனுக்கு வேற கணக்கு, அண்ணாச்சி. கிள்ளியூர் பக்கம் போயி சனங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

#19 நடத்துநர்
இதற்குப் பிறகு வந்த 14 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். மணல் அகழ்வு, நியூட்ரினோ திட்டம் இரண்டுக்கும் அங்கே இடம் உண்டு. யாரையும் தேசத் துரோகி என்று அழைக்க எங்கேயும் இடம் இல்லை.

#20 ஆரல்காற்று
நடத்துநருக்கு நன்றி. ஒரு சிறு குறிப்பு மட்டும். நம் நாட்டில் இந்த மாதிரிக் கூட்டு வேலைக்குப் பழைய வேர் உண்டு. கோலார் தங்க வயலில் டாட்டா ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் மூன்றும் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தன. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ரெய்ன்ஸ் குழுவும் கண்டது. இந்தியா, ஜப்பான், பிரிட்டன்: போர் முடிந்து இருபது ஆண்டுதான் ஆகியிருந்தது. கோலாரில் சுரங்கம் 2001இல் மூடியது. ஹோம்ஸ்டேக்கில் தங்கம் எடுப்பது நின்ற பிறகு சுரங்கத்தை ஆய்வகமாக்கினார்கள். எனக்கு அதில் ஆற்றாமை உண்டு, மறைக்கவில்லை.

இப்போது ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் கொல்கத்தாவின் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தின் சிறிய ஆய்வகம் 2017 முதல் இருக்கிறது. மிகைச்சூடேறிய திரவத்தில் துகள் இடித்தால் குமிழி வெடிக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்கிறார்கள். புவனேஸ்வரத்தின் நைசர் நிறுவனம் கனடாவில் சட்பரி நிக்கல் சுரங்கத்தில் கரும்பொருளைத் தேடும் சூப்பர் சிடிஎம்எஸ் குழுவில் இருக்கிறது.

குழித்துறைத் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் லக்ஸ்-ஸெப்ளின், இத்தாலியில் நடக்கும் செனான் பரிசோதனை, ஐரோப்பாவின் டார்வின் திட்டம் மூன்றும் அடுத்த பெரிய கருவிக்காக ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. 2021இல் 16 நாடுகளின் 104 குழுத் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். இதுவரை நீங்கள் போட்டியாளர்கள். ஒருவர் கணக்கை மற்றவர் சந்தேகித்தீர்கள். டாமா கதையிலேயே பார்த்தோமே, சரிபார்த்தவர்கள் வெளி ஆட்கள். எல்லோரும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டால் பையன் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையாகாதா?

#21 குழித்துறைக்காரன்
சார் சரியா நரம்பைப் பிடிச்சிட்டீங்க. உள்ளேயே இதைப் பேசாத நாள் இல்ல.

சேர்ந்ததுக்கு முதல் காரணம் கொள்கை ஒண்ணுமில்ல, செனான். காத்துல அது கோடிக்கு ஒண்ணுகூட முழுசா தேறாது. இரும்பு ஆலைக்காக ஆக்சிஜன் பிரிக்கிற இடத்துல துணைப்பொருளா வருது. அடுத்த கருவிக்கு 60 முதல் 80 டன் வேணும். உலகத்துல ஒரு வருசத்துக்கு உற்பத்தி ஆகுறதே அந்த ரகம். ரெண்டு கூட்டம் போட்டி போட்டு வாங்கினா விலை எகிறும், ரெண்டும் படுத்துரும்.

வெளி ஆள் இல்லாமப் போகல. சீனாவுல ஜின்பிங் ஆய்வகத்துல, 2400 மீட்டர் பாறைக்குக் கீழ, பாண்டா-எக்ஸ் தனியா செனான்லயே தேடுறாங்க. கிரான் சாஸ்ஸோவுல டார்க்சைடு ஆர்கான் வச்சுக் கட்டுறாங்க. காத்துல இருக்கிற ஆர்கான்ல கதிரியக்கம் உண்டுங்கதுனால, கொலராடோவுல நிலத்தடிக் கிணத்துல இருந்து ஆர்கானை எடுத்து சார்டினியாவுக்குக் கொண்டு வந்து சுத்தம் பண்ணுற திட்டம். நாளைக்கு எங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா, ஆர்கான்காரங்களும் சீனாக்காரங்களும் பார்க்காத வரைக்கும் யாரும் நம்பக் கூடாது. நானும் நம்ப மாட்டேன்.

பையன்கிட்ட இப்படிச் சொல்லுங்க சார்: 250 பேரும் சேர்ந்து பொய் சொல்லணும்னா, அதுக்கு முன்னால ஒரு படத்துக்கு என்ன நிறம் போடணும்ங்கறதுல ஒத்துக்கணும். அதுவே மூணு மாசம் ஆகும்.

#22 கொச்சுநியூட்டன்
சரி, 80 டன்லயும் கிட்டலன்னா?

#23 குழித்துறைக்காரன்
அந்த ஆழத்துக்குப் போனா சூரியன்ல இருந்தும் வளிமண்டலத்துல இருந்தும் வர்ற நியூட்ரினோவே கருவியை நிறைச்சிரும். 2024லயே செனான்-என்டி, பாண்டா-எக்ஸ் ரெண்டுலயும் சூரிய நியூட்ரினோ செனான் அணுக்கருவை இடிக்கிற அறிகுறி லேசா தெரிய ஆரம்பிச்சிட்டு. அதுக்கும் அங்கால இந்த முறையில தேடுறது ரொம்ப ரொம்பக் கஷ்டம். அப்போ ஆக்சியான் மாதிரி இலகுவான துகளைத் தேடுறவங்க முன்னால வருவாங்க. சியாட்டில்ல காந்தத்துக்குள்ள வானொலி அலைவரிசை திருப்புற மாதிரி ஒரு தேடல் நடந்துக்கிட்டுதான் இருக்கு. மில்க்ரோம் ஆளுகளுக்கும் அன்னைக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். நியாயமான சிரிப்புதான்.

#24 வேளிமலை
எல்லாருக்கும் நன்றி. உப்பு கதையும் டாமாவும் கண்டிப்பா உண்டு. பட்டியல் கதையைப் பேச்சிப்பாறை அக்கா நேர்ல வந்து சொன்னா நல்லாயிருக்கும், பெண் பிள்ளைகள் நிறைய வாராங்க. இன்னொண்ணு: பிள்ளைகளே கைப்பட ஏதாவது செய்யணும்னா வழி உண்டா? சுரங்கத்துல இறக்க முடியாதுல்ல.

#25 பேச்சிப்பாறை
வாரேன் சார். கைப்படச் செய்ய ஸ்பேஸ் வார்ப்ஸ்னு ஒரு இணையத் திட்டம் இருக்கு, பாருங்க. தொலைநோக்கிப் படங்கள்ல வளைஞ்ச கோடு, வில்லு மாதிரி நெளிஞ்ச மண்டலம் தெரிஞ்சா குறிச்சுக் கொடுக்கணும். அது ஈர்ப்பு வில்லை. நடுவுல இருக்கிற கரும்பொருளோட எடையைக் கணக்குப் போட அதுதான் உதவும். தொடங்கினவங்கள்ல புனேயில இருக்கிற அனுப்ரீதா மோரேயும் ஒருத்தர். யூக்ளிட் விண்கலப் படங்களை வச்சு 2024லயும் நடந்தது. அதுலயும் போலி வில்லைப் படங்களைக் கலந்து விடுவாங்க, குறிக்கிறவங்க எவ்வளவு சரியா பாக்காங்கன்னு தெரியுறதுக்கு. உங்க பையனுக்கு அது பிடிக்கும். இப்போ எந்தத் தொகுப்பு திறந்திருக்குன்னு பார்த்துச் சொல்லுதேன்.

பக்கம் முழுக்க இங்கிலீஷ்லதான் இருக்கு. விளக்கத்தை நான் தமிழ்ல ஒரு பக்கம் எழுதித் தாரேன். உங்க பள்ளியில கம்ப்யூட்டர் எத்தனை ஓடுது?

#26 வேளிமலை
ஓடுறது நாலு. மவுஸ் மூணு.

#27 தூத்தூர்போட்டு
மவுஸ் ஒண்ணு நான் கொண்டு வாரேன் சார். என் மகளையும் கூட்டிட்டு வரலாமா? எட்டாங் கிளாஸ்.